ஈஸ்னோபீலியா: எண்ணிக்கை நோயான வரலாறு

1

களக்காட்டுப் பக்கம் மூச்சுத் திணறலுக்குச் சொற்கள் குறைவில்லை. இளைப்பு, இரைப்பு, இழுப்பு, முட்டு என்று ஆளுக்கும் தெருவுக்கும் தகுந்தபடி மாறும். சித்த மருத்துவம் இரைப்பு நோய் என்றும் சுவாசகாசம் என்றும் சொல்லும். இவை எல்லாமே உடம்பு என்ன செய்கிறது என்பதைச் சொல்கிற சொற்கள். நெஞ்சு இரைகிறது, மூச்சு இழுக்கிறது, முட்டுகிறது. இந்த வரிசையில் கொஞ்சமும் ஒட்டாத இன்னொரு சொல்லும் எங்களூரில் அன்றாடம் புழங்குகிறது: 'ஈஸ்னோபீலியா'. சிலர் வாயில் அது 'ஈஸ்னாபில்', சிலருக்கு வெறும் 'ஈஸ்னோ'. மார்கழிப் பனியில் தும்மல் வந்தாலும் ஈஸ்னோபீலியா, பிசான அறுவடைக் களத்துச் சுணை ஏறி மூச்சு முட்டினாலும் ஈஸ்னோபீலியா.

என் அத்தை முப்பது வருஷத்துக்கு மேல் பீடி சுற்றியவர். மடியில் சொளவு, சொளவில் இலையும் தூளும். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து சுவரில் முதுகைச் சாய்த்துக் குத்தவைத்துக்கொண்டு மூச்சைத் தேடுவார். கேட்டால் ஒரே பதில்தான்: "எனக்கு ஆஸ்துமால்லாம் ஒண்ணும் கெடையாதுய்யா. ரத்தத்துல ஈஸ்னோபீலியா கூடியிருக்கு, அவ்வளவுதான்."

இந்த 'அவ்வளவுதான்' என்னை வெகுநாள் உறுத்திக்கொண்டிருந்தது. ஆஸ்துமா என்பது பரம்பரைக்கும் பாயும் நோய், பெண் கேட்டு வருகிறவன் யோசிப்பான். ஈஸ்னோபீலியா அப்படியல்ல, கூடும் குறையும், ரத்தத்தில் உள்ள ஒரு கணக்கு. ஒரே மூச்சுமுட்டு ஒரு பெயரில் அவமானமாகவும் இன்னொரு பெயரில் சாதாரணமாகவும் இருக்கிறது. ஜெர்மன் சோதனைக்கூடத்தில் ஒரு சாயத்தை ஒட்டிப் பிறந்த கலைச்சொல் எப்படிப் பீடிச் சொளவு வரைக்கும் வந்து சேர்ந்தது? வந்த வழியில் எதைக் கொண்டுவந்தது, எதை மறைத்தது? நோய்களின் வரலாறு என்று நாம் படிப்பது பெரும்பாலும் கண்டுபிடித்தவர்களின் வரலாறு. இங்கே ஒரு சொல்லின் வரலாற்றைப் பிடித்துப் போய்ப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

2

ஈசின் என்பது ஒரு சிவப்புச் சாயம். நிலக்கரித் தாரிலிருந்து சாயங்கள் வடித்துக் கொண்டிருந்த காலத்தில், 1874இல், பாஸ்ஃப் கம்பெனியின் வேதியியலாளர் ஹைன்ரிஷ் காரோ அதைத் தயாரித்தார். இதே கம்பெனிதான் 1897இல் செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்து இந்தியாவின் அவுரிச் சாகுபடியைப் படுக்க வைத்தது. நம்மூர் நீலத்தை அழித்த அதே தொழில்தான் நம்மூர் நோய்க்குப் பெயரும் கொடுத்தது என்பதை இங்கே சொல்லி வைக்கிறேன்.

1879இல் பவுல் எர்லிஷ் ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தேய்த்து இந்தச் சாயத்தை ஊற்றிப் பார்த்தபோது, வெள்ளையணுக்களில் ஒருவகை மட்டும் தன் உள்மணிகளில் சிவப்பை வாரி இழுத்துக்கொண்டது. ஈசினை விரும்பும் அணு: ஈசினோஃபில். கவனிக்க வேண்டியது, இந்த அணு உடம்பில் என்ன செய்கிறது என்பது எர்லிஷுக்குத் தெரியாது. சாயத்தோடு அதற்கிருந்த உறவே அதன் பெயராயிற்று. ஒரு வருஷத்துக்கு முன்புதான் தன் பட்ட ஆய்வில் இன்னொரு அணுவைக் கண்டு, அதன் வயிறு நிறைய மணிகள் இருந்ததால், தின்று கொழுத்த அணு என்ற பொருளில் 'மாஸ்ட்' செல் என்று வைத்திருந்தார். ஒவ்வாமை ஆஸ்துமாவின் இரண்டு முக்கியப் பாத்திரங்களுக்கும் பெயர் சூட்டியவர் அவர். கதை என்ன என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

தடயம் மட்டும் முன்பே கிடைத்திருந்தது. பிரான்சில் ஷார்க்கோ 1853இல், ஜெர்மனியில் லைடன் 1872இல், நோயாளிகளின் திசுவிலும் சளியிலும் இருமுனையும் கூரான ஊசிபோன்ற படிகங்களைப் பார்த்தார்கள். லைடன் பார்த்தது ஆஸ்துமாக்காரர்களின் சளியில். இந்தப் படிகங்கள் செத்த ஈசினோஃபில்களிலிருந்து வருபவை என்பது பிற்பாடு தெளிந்த விஷயம்.

இடையில் மெச்னிகாஃபைப் பற்றிச் சொல்லாமல் தாண்ட முடியாது. 1882இல் இத்தாலியின் மெசினா கடற்கரையில், கண்ணாடிபோலத் தெளிந்த நட்சத்திரமீன் குஞ்சுக்குள் ஒரு முள்ளைச் செருகிவிட்டு மறுநாள் காலை பார்த்தார். முள்ளைச் சுற்றி நடமாடும் அணுக்கள் மொய்த்துக் கிடந்தன. அந்நியப் பொருளைத் தின்னும் அணுக்கள் எல்லா உயிருக்கும் பிறவியிலேயே உண்டு என்பது அவர் கட்சி. எர்லிஷின் கட்சி வேறு: ரத்தத்தின் நீரில் மிதக்கும் எதிர்ப்பொருள்தான் எல்லாம். 1908இல் நோபல் குழு இருவருக்கும் பரிசைப் பங்குபோட்டுக் கொடுத்துச் சண்டையைத் தீர்த்தது. ஆனால் அடுத்த எழுபது எண்பது வருஷத்தில் ஜெயித்தது எதிர்ப்பொருள் கட்சிதான்.

இந்த ஜெயிப்பில் ஒரு படிநிலை ஒளிந்திருக்கிறது. நோயெதிர்ப்பை இரண்டாகப் பிரித்தார்கள். ஒன்று பிறவியிலேயே உள்ளது. மற்றது வாழும்போது கற்றுக்கொள்வது. கற்றுக்கொள்வதற்கு ஞாபகம் உண்டு, நுட்பம் உண்டு, இன்னாரை இன்னாரென்று அடையாளம் காணும். பிறவியெதிர்ப்போ முரடு, ஞாபகமில்லாதது, வந்ததை எல்லாம் ஒரே மாதிரி அடிக்கும். பாடப்புத்தகத்தில் தளபதியும் காலாட்படையுமாகப் படம் போட்டிருப்பார்கள். 'பிறவி' என்ற சொல்லோடு கீழ்மையைச் சேர்த்து யோசிக்கிற பழக்கம் நம்மிடம் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நெதர்லாந்தின் நெட்டேயா 2011இல், பிறவியெதிர்ப்பு அணுக்களுக்கும் ஒருவகைப் பழக்கம், ஒருவகை ஞாபகம் உண்டென்று சொல்லி அதற்குப் 'பயிற்சி பெற்ற எதிர்ப்பு' என்று பெயர் வைக்கும்வரை, இந்த 'ஞாபகமின்மை' கிட்டத்தட்ட அணுவின் சுபாவமாகவே எழுதப்பட்டு வந்தது.

ஆஸ்துமாவின் கதையும் கற்ற எதிர்ப்பின் கதையாகவே எழுதப்பட்டது. 1902இல் ரிஷேவும் போர்ட்டியேவும் எதிர்ப்பே உயிரைக் குடிக்கும் நிலையை நாய்களில் கண்டார்கள். 1906இல் வியன்னாவின் பிர்க்கே 'அலர்ஜி' என்ற சொல்லை உண்டாக்கினார். 1966க்கும் 67க்கும் இடையே இஷிசாகா தம்பதியர் ஐ.ஜி.ஈ. என்ற எதிர்ப்பொருளை அடையாளம் காட்டினார்கள். 1986இல் மாஸ்மனும் காஃப்மனும் உதவி டி-அணுக்களை இரண்டு வகையாகப் பிரித்ததும் வரைபடம் பூர்த்தியானது: டி-அணு கட்டளையிடும், பி-அணு ஐ.ஜி.ஈ. செய்யும், அதை மேலே ஒட்டிக்கொண்ட மாஸ்ட் செல் தூசியைக் கண்டதும் வெடிக்கும், கடைசியில் கூலிக்கு வந்த ஆள்போல ஈசினோஃபில் வந்து மூச்சுக்குழாயின் உள்தோலைப் புண்ணாக்கும்.

3

மேற்கே கதை இப்படிப் போய்க்கொண்டிருக்க, அந்தக் 'கூலியாள்' சென்னை மாகாணத்தில் வேறொரு வேஷத்தில் மேடையேறியது.

இடம், மதனப்பள்ளியை அடுத்த ஆரோக்கியவரம். இன்று ஆந்திரம், அன்று சென்னை மாகாணம். மிஷன்கள் சேர்ந்து நடத்திய காசநோய் விடுதி, 1915இல் திறந்தது. அதன் தலைவர் டேனிஷ் மிஷன் மருத்துவர் ஃப்ரிமோட்-மோலர். காசத்துக்கு மருந்தில்லாத காலம். ஓய்வு, நல்ல காற்று, சாப்பாடு, எக்ஸ்ரே. அங்கே வந்து சேர்ந்தவர்களில் சிலர் புதிராக இருந்தார்கள். இருமல், மெலிவு, காய்ச்சல், ராத்திரியில் மூச்சுமுட்டு. எக்ஸ்ரேயில் நுரையீரல் முழுக்கத் தினையை வாரி இறைத்ததுபோலப் புள்ளிகள். பார்த்தால் காசம். சளியில் காசக்கிருமி மட்டும் இல்லை. ரத்தத்திலோ ஈசினோஃபில் ஏராளம். 1940இல் ஃப்ரிமோட்-மோலரும் பார்ட்டனும் 'இந்தியன் மெடிக்கல் கெஜட்'டில் இதைப் போலிக்காச நிலை என்று எழுதினார்கள். அதாவது, இது காசம் அல்ல என்பதுதான் அதன் முதல் வரையறை. காசமென்று முத்திரை குத்தி ஊரிலிருந்து விலக்கப்பட்டவர்களுக்கு அந்த 'அல்ல' எவ்வளவு பெரிய விடுதலை என்பதை யோசித்துப் பார்க்கலாம்.

1943இல் வெயின்கார்டன் என்ற மருத்துவர், இந்தியாவில் தாம் பார்த்த நோயாளிகளைத் தொகுத்து 'லான்செட்'டில் எழுதியபோது பெயர் மாறியது: 'ட்ராப்பிக்கல் ஈஸ்னோபீலியா'. வெப்பமண்டல ஈஸ்னோபீலியா. வெப்பமண்டலம் என்பது காலனிய மருத்துவத்தின் செல்லச் சொல். நோயை நிலத்தோடு கட்டிப்போட்டுவிட்டால் காரணத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம். ஆனாலும் வெயின்கார்டன் ஒரு மருந்தைச் சொன்னார். நியோஆர்ஸ்ஃபெனமின். மேகநோய்க்குப் போடும் ஆர்சனிக் ஊசி. அதைக் கண்டுபிடித்தவர் யார்? அதே எர்லிஷ். அறுபத்துச் சொச்சம் வருஷத்துக்கு முன்னால் அணுவுக்குப் பெயர் வைத்தவரின் மருந்தே அந்த அணுவின் பெயர்கொண்ட நோய்க்கும் வந்து சேர்ந்தது. இதற்கு எந்தத் திட்டமும் கிடையாது. வரலாறு சில நேரம் இப்படி மலிவான நாவல்போல நடந்துகொள்கிறது.

ஆர்சனிக் நஞ்சு. அதன் இடத்துக்கு வந்தது டைஎதில்கார்பமசின் என்கிற ஹெட்ரஸான், 1947. யானைக்கால் புழுவின் குஞ்சுகளைக் கொல்லும் மாத்திரை. அதை உண்டாக்கிய லெடர்லே ஆய்வகத்தின் இயக்குநர் எல்லாப்பிரகட சுப்பாராவ். பீமவரத்துக்காரர், சென்னை மருத்துவக் கல்லூரி மாணவர். கதர் கட்டிய குற்றத்துக்காக அவருக்கு எம்.பி.பி.எஸ். பட்டம் மறுக்கப்பட்டு எல்.எம்.எஸ். சான்றிதழ் மட்டும் கிடைத்தது என்பது பலமுறை எழுதப்பட்ட செய்தி. அமெரிக்கா போய், நம்மூர்ப் புழுவுக்கு மருந்து செய்து, 1948இல் இறந்துபோனார். சிங்கப்பூரில் டி.ஜே. தனராஜ் இந்த மருந்து ஈஸ்னோபீலியா நுரையீரலைத் தெளிவாகக் குணமாக்குவதை 1958இல் விரிவாக எழுதினார். பிற்பாடு மலாயாப் பல்கலைக்கழக மருத்துவப் புலத்தின் முதல் டீனாக இருந்தவர் அவர்.

புழுமருந்து கேட்கிறதென்றால் காரணம் புழுவாகத்தானே இருக்க வேண்டும். ஆனால் நோயாளியின் ரத்தத்தில் எவ்வளவு தேடினாலும் புழுக்குஞ்சு கிடைக்கவில்லை. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் வெப், ஜாப், கால்ட் மூவரும் 1960இல் 'லான்செட்'டில் அதற்கு விடை சொன்னார்கள். நோயாளிகளின் நுரையீரல், கல்லீரல், நிணநீர்க் கணுத் திசுவை வெட்டிப் பார்த்தபோது புழுக்குஞ்சுகள் அங்கே, ஈசினோஃபில்களின் கும்பலுக்கு நடுவில் சிதைந்து கிடந்தன. கொசு கடித்து யானைக்கால் புழுவைச் சுமப்பவர்கள் பெரும்பாலோர் அதைச் சகித்துக்கொள்கிறார்கள். அவர்கள் ரத்தத்தில் குஞ்சுகள் ராத்திரி ராத்திரி உலாப் போகும். மிகச் சிலருடைய உடம்பு மட்டும் சகிப்பதில்லை. நுரையீரலுக்குள் நுழையும் ஒவ்வொரு குஞ்சையும் அது மறித்துக் கொல்கிறது. ரத்தத்தில் புழு இல்லை, ஆனால் நெஞ்சு இரைகிறது. புழுவைவிடப் புழுவை எதிர்க்கிற ஆவேசமே இங்கே நோயாகிறது.

சேத்துப்பட்டுக் காசநோய் ஆராய்ச்சி மையத்தில் வி.கே. விஜயனும் மற்றவர்களும் அமெரிக்க ஆய்வாளர்களோடு சேர்ந்து செய்த வேலை 1987இல் வெளிவந்தது. நோயாளிகளின் நுரையீரலின் அடிப்பகுதியை உப்புநீர் விட்டுக் கழுவி எடுத்தார்கள். ஆரோக்கியமான நுரையீரலில் ஈசினோஃபில் ஏறக்குறைய இருக்காது. இவர்களிடம் கழுவிய நீரில் இருந்த அணுக்களில் பாதிக்கு மேல் ஈசினோஃபில். மாத்திரை கொடுத்த இரண்டு வாரத்தில் அது சரிந்தது. ரத்தத்தில் எண்ணிக்கொண்டிருந்ததை நோய் நடக்கும் இடத்திலேயே போய் எண்ணியதுதான் இதன் முக்கியத்துவம். 1990இல் அவர்களே எழுதிய அடுத்த கட்டுரை கொஞ்சம் சங்கடமானது. மாத்திரை முடித்து ஒரு வருஷமான பிறகும் பலருக்கு உள்ளே லேசான அழற்சி தொடர்ந்தது.

ஆரோக்கியவரம், வேலூர், சேத்துப்பட்டு. நவீன மருத்துவம் நம் மண்ணில் ஒரு நோயை முதலிலிருந்து கடைசிவரை துப்பறிந்த அபூர்வமான கதை இது. நம் கல்விப்புலத்தில் யாரும் இதை வரலாறாக எழுதியதாகத் தெரியவில்லை. தமிழ் எம்.ஏ. படித்தவன் எழுத வேண்டியிருக்கிறது.

4

இனிமேல்தான் சிக்கல்.

வெப்பமண்டல ஈஸ்னோபீலியாவுக்கு மருத்துவ நூல்கள் வைக்கிற அளவு பெரியது. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 3000க்கு மேல் ஈசினோஃபில் இருக்க வேண்டும். சாதாரணமாக இருப்பது 500க்குள். ஒவ்வாமை ஆஸ்துமாவில் பெரும்பாலும் இதற்குச் சற்று மேலோ கீழோதான் நிற்கும். ஆனால் பஜாரில் மாடிப்படிக்குக் கீழே இருக்கிற லேபில் கொடுக்கிற சீட்டு இந்தக் கணக்கில் பேசுவதில்லை. அது சதவீதத்தில் பேசும். 'டி.சி.' என்று தலைப்புப் போட்டு, பி இத்தனை, எல் இத்தனை, ஈ இத்தனை. ஈ என்ற எழுத்துக்கு எதிரே 8 என்றோ 9 என்றோ இருந்தால் அடியில் சிவப்பு மையில் ஒரு கோடு. அந்தக் கோடுதான் எங்களூர் ஈஸ்னோபீலியா. ஆரோக்கியவரத்தில் பார்த்த நோயும் இந்தச் சிவப்புக் கோடும் பெயரால் ஒன்று. அளவால், காரணத்தால், சிகிச்சையால் வேறு வேறு.

ஒரு அறிவியல் உண்மை நிபுணர்களின் சிறிய வட்டத்திலிருந்து வெளி வட்டத்துக்கு வரும்போது எளிமையாகவும் கெட்டியாகவும் ஆகிவிடுகிறது என்று லுட்விக் ஃப்ளெக் 1935இலேயே மேகநோய்ச் சோதனையை வைத்து எழுதினார். வேலூரில் 'ஒருவேளை', 'சிலருக்கு', 'இந்த அளவுக்கு மேல்' என்றிருந்தவை எல்லாம் வழியில் உதிர்ந்துவிட்டன. மிச்சம் ஒரு பெயரும் ஒரு மாத்திரையும். அதே 21 நாள் புழுமாத்திரை, ஈ 8 ஆனாலும் 40 ஆனாலும். யானைக்கால் ஒழிப்புக்காக 2004இலிருந்து நாடு தழுவி வருஷாந்தர மாத்திரை கொடுக்கத் தொடங்கி, புழுவே அருகிக்கொண்டு வருகிற காலத்திலும் புழுநோயின் பெயர் அருகவில்லை.

எண் பொய் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வெறுங்காலோடு வாழைத்தோப்பில் நிற்கிறவர் குடலில் கொக்கிப்புழு இருந்தால் ஈசினோஃபில் கூடும், ஒரு இரைப்பும் இல்லாமலே. அவருக்கு எது 'இயல்பு'? வெயின்கார்டன் எழுதிய அதே 1943இல்தான் கங்கிலெம் என்ற பிரெஞ்சு மருத்துவ-தத்துவவாதி இயல்பு, நோய் என்ற பிரிவினையே அளவுகோல் பிரச்சினைதானா என்று கேட்டுத் தன் ஆய்வை முடித்தார். சராசரி என்பது வேறு, ஒரு உயிர் தன் சூழலில் வாழ முடிகிற நெறி என்பது வேறு என்பது அவர் வாதம். லேபுச் சீட்டின் ஓரத்தில் அச்சடித்திருக்கும் 'நார்மல்' யாருடைய நார்மல் என்ற கேள்வி எங்களூரில் தத்துவக் கேள்வி அல்ல.

மிக மோசமான தவறு இன்னொன்று. 1958இல், தனராஜ் எழுதிய அதே வருஷம், இங்கிலாந்தில் மாரோ பிரவுன் என்பவர் ஆஸ்துமாக்காரர்களின் சளியைச் சாயமிட்டுப் பார்த்தார். யார் சளியில் ஈசினோஃபில் இருந்ததோ அவர்களுக்கு ஸ்டீராய்டு நன்றாகக் கேட்டது. இல்லாதவர்களுக்குக் கேட்கவில்லை. 1970களில் ஸ்டீராய்டு உறிஞ்சும் மருந்தாகவே வந்துவிட்டது. அதாவது, புழுவின் அறிகுறி இல்லாமல் வருஷக்கணக்காக இரைக்கிற ஒருவரின் சீட்டில் ஈசினோஃபில் சற்றுக் கூடியிருந்தால், அந்தச் சீட்டு கேட்பது இன்ஹேலரைத்தான். நாம் அதைப் புழுமாத்திரை என்று வாசித்தோம். சரியான சாட்சியைத் தப்பான வழக்கில் கூண்டேற்றியதுபோல.

5

அந்தச் சாட்சியை மேற்கு நாடுகளும் ஒருமுறை தள்ளுபடி செய்தன. ஈசினோஃபில்களை வளர்க்கிற இன்டர்லூகின்-5 என்ற சேதிப்பொருளை மறிக்கும் ஊசியை ஆஸ்துமாக்காரர்களுக்குப் போட்டுப் பார்த்த ஆய்வு 2000இல் வெளியானது. ரத்தத்தில் ஈசினோஃபில் விழுந்தது. ஆனால் மூச்சுக்குழாய் சுருங்குவதில் மாற்றமில்லை. ஈசினோஃபில் நிரபராதி என்று தலையங்கம் எழுதாத குறை. 2009இல் லெஸ்டரில் ஹல்தாரும், ஹாமில்டனில் பரமேஸ்வரன் நாயரும் அதே ஊசியைத் திரும்ப எடுத்தார்கள். இந்த முறை எல்லா ஆஸ்துமாக்காரரையும் சேர்க்காமல், ஸ்டீராய்டுக்குப் பிறகும் ஈசினோஃபில் அடங்காதவர்களை மட்டும் சேர்த்தார்கள். மூச்சுமுட்டு முற்றி வதைபடுகிற தடவைகள் தெளிவாகக் குறைந்தன. மருந்து அதேதான். யாரை எண்ணுவது என்பதுதான் மாறியது.

அதற்கடுத்த வருஷம் இன்னொரு திருப்பம். 2010இல் ஜப்பான், இங்கிலாந்து, அமெரிக்கா என மூன்று குழுக்கள் தனித்தனியாக ஒரு புது அணுவைக் கண்டன. பார்வைக்கு நிணநீர் அணு. ஆனால் டி-அணுவுமல்ல, பி-அணுவுமல்ல. எதையும் அடையாளம் காணக் கற்றுக்கொள்ளாத பிறவியெதிர்ப்பு அணு. இன்று ஐ.எல்.சி.2 என்று பெயர். டி-அணு மட்டுமே சுரக்கும் என்று நம்பியிருந்த இன்டர்லூகின்-5ஐயும் 13ஐயும் இது அள்ளிச் சுரந்தது. இவர்கள் எலிகளில் தேடிக்கொண்டிருந்தது பெரும்பாலும் புழுவுக்கு எதிரான எதிர்ப்பை. புழுவைத் தேடிப்போய் ஆஸ்துமாவில் முட்டிக்கொள்வது இந்தத் துறையின் வாடிக்கை போலிருக்கிறது.

வான்கூவரில் 2012இல் செய்த ஒரு சோதனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். டி-அணுவும் பி-அணுவும் அறவே இல்லாதபடி பிறப்பித்த எலிகளின் மூக்கில் பப்பெய்ன் விட்டார்கள். பப்பெய்ன் வேறொன்றுமில்லை, பப்பாளிக்காயைக் கீறினால் வடிகிற பாலிலுள்ள நொதி. கறி வேகப் பப்பாளித் துண்டு போடுகிறோமே, அந்தச் சமாச்சாரம்தான். தளபதிகளே இல்லாத அந்த எலிகளின் நுரையீரலிலும் ஈசினோஃபில் குவிந்தது. கட்டளை எங்கிருந்து வந்தது? மூச்சுக்குழாயின் உள்தோலிலிருந்து. நொதியோ, பூஞ்சையோ, வீட்டுத்தூசியிலுள்ள சிற்றுண்ணியின் கழிவோ உள்தோலைக் காயப்படுத்தினால், காயம்பட்ட அணுக்களே இன்டர்லூகின்-33 முதலான சேதிகளை வெளியே விடுகின்றன. பக்கத்திலிருக்கும் ஐ.எல்.சி.2 அதைக் கேட்டு இன்டர்லூகின்-5 விடுகிறது, ஈசினோஃபில் வருகிறது. இன்டர்லூகின்-13 சளியைப் பெருக்குகிறது. ஒவ்வாமையைக் 'கற்றுக்கொள்ளும்' முன்பே நுரையீரல் வாசலில் இவ்வளவும் நடந்துவிடலாம். கற்ற எதிர்ப்பு பின்னால் வந்து சேர்ந்து அதை நிரந்தரமாக்குகிறது. பிறவியா கற்றதா என்ற பழைய சண்டை இங்கே அர்த்தமிழக்கிறது.

லைடன் பார்த்த ஊசிப் படிகங்களும் திரும்பி வந்தன. வெறும் குப்பை என்று நூற்றைம்பது வருஷம் ஒதுக்கப்பட்டவை. அவை தாமே நுரையீரலைக் குத்தி அழற்சியைக் கிளப்புபவை என்று பெல்ஜியத்தின் கென்ட் நகரக் குழு 2019இல் காட்டியது.

தளபதி-காலாட்படை உருவகம் இனி எதற்கு ஆகும்? 'எதிரி உள்ளே வந்தான், வீரர்கள் அடித்தார்கள்' என்று சொன்னால் ஆஸ்துமாக்காரியின் நெஞ்சு ஒரு போர்க்களம், அவள் வெறும் நிலம். எங்கே எந்தத் தூசி உள்தோலைக் காயப்படுத்தியது, அந்தத் தூசிக்கு அவளை அனுப்பியது எது என்ற கேள்வி அந்தக் கதையில் எழவே எழாது. 2016இல் அமெரிக்காவில் ஆமிஷ், ஹட்டரைட் என்ற இரண்டு விவசாயச் சமூகங்களை ஒப்பிட்ட ஆய்வு வந்தது. பூர்வீகமும் மரபணுவும் ஏறக்குறைய ஒன்று. ஆமிஷ் குழந்தைகளில் ஆஸ்துமா 5 சதவீதம், ஹட்டரைட்டில் 21. ஆமிஷ் வீட்டுப் பிள்ளைகள் மாட்டுத்தொழுவத்திலேயே வளர்கிறார்கள். ஹட்டரைட் பண்ணைகள் இயந்திரமயமானவை, குழந்தைகள் தள்ளியே இருக்கிறார்கள். தொழுவத் தூசி ஆமிஷ் பிள்ளைகளின் பிறவியெதிர்ப்பு அணுக்களை வேறுமாதிரிப் பழக்கியிருந்தது. உடனே 'பாருங்கள், நம் முன்னோர் சாணி மெழுகியது ஏன்' என்று கிளம்பிவிடக் கூடாது. தொழுவத் தூசி வேறு, பீடித்தூள் வேறு, களத்துத் தூசி வேறு, கருவேல விறகுப் புகை வேறு. எந்தத் தூசி யார் மேல் எந்த வயதில் விழுகிறது என்பதில் சாதியும் பெண்ணும் கூலியும் இருக்கின்றன. பொலி தூற்றும்போது காற்றுக்கு எதிர்ப்பக்கம் நிற்கிறவர் யார் என்று களத்தில் போய்ப் பார்த்தால் தெரியும்.

6

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. புகையும் புகையிலையும் வருஷக்கணக்காக ஏறிய நெஞ்சில் பல நேரம் முன்னிற்பது ஈசினோஃபில் அல்ல, நியூட்ரோஃபில் என்ற மற்றொரு பிறவியெதிர்ப்பு அணு. அவர்களுக்கு ஈ என்ற எழுத்துக்கு எதிரே 2 என்றிருக்கும், 3 என்றிருக்கும். சிவப்புக் கோடு விழாது. சீட்டைப் பார்த்து 'கவுண்டு நார்மல்' என்று சொல்லிவிட்டால் மூச்சுமுட்டுக்குப் பெயரே இல்லாமல் போகிறது. ஸ்டீராய்டும் அவர்களுக்கு அவ்வளவாகக் கேட்காது. புது எதிர்ப்பொருள் ஊசிகள் எல்லாம் பெரும்பாலும் ஈசினோஃபில் கூடியவர்களுக்கானவை. விலையைப் பற்றிப் பேச வேண்டியதே இல்லை, பீடிக்கடையில் ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவரின் கணக்குக்கு அது எட்டாது.

உலக நோய்ச்சுமை ஆய்வின் 2019ஆம் வருஷக் கணக்குப்படி இந்தியாவில் ஆஸ்துமாக்காரர் சுமார் 3.4 கோடி. உலக ஆஸ்துமாவில் இது 13 சதவீதம். உலகத்தில் ஆஸ்துமாவால் சாகிறவர்களில் இந்தியர்கள் 40 சதவீதத்துக்கு மேல். நோயில் எட்டில் ஒரு பங்குக்காரர்கள் சாவில் ஐந்தில் இரண்டு பங்குக்காரர்களாக எப்படி ஆனோம்? காரணம் பல இருக்கும். நோய்க்கு வேறு பெயர் வைத்துக்கொண்டு, வேறு மாத்திரை தின்றுகொண்டு, முற்றும்போது ஊசி போட்டுக்கொள்ள ஓடுவதும் அதில் ஒன்று என்பதை எங்கள் தெருவில் நான் கண்டிருக்கிறேன். பெயரை மாற்றுவது ஜனங்களின் அறியாமை மட்டும் என்று சொல்ல மாட்டேன். 'ஆஸ்துமா' என்று சொன்னால் வரும் அவமானத்திலிருந்து தப்ப, மருத்துவத்தின் சொல்லையே எடுத்து அதற்கே குறுக்கே பிடிக்கிற சாமர்த்தியம் அது. அதற்கு அவர்கள் கொடுக்கிற விலைதான் அதிகம்.

அத்தையின் தகரப்பெட்டியில் ரேஷன் கார்டு, பீடித் தொழிலாளர் அட்டை, அதோடு ரப்பர் பேண்டு போட்ட ரத்தச் சீட்டுக் கட்டு ஒன்று. போன ஐப்பசியில் உட்கார்ந்து தேதிவாரியாக அடுக்கிப் பார்த்தேன். ஈ 9, ஈ 11, ஈ 8, ஈ 10. ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் 21 நாள். இருபது வருஷத்தில் எந்த லேபும் எந்த டாக்டரும் ஊதிப் பார்க்கும் சோதனை ஒன்றுக்கு அனுப்பியதாக அந்தக் கட்டில் தடயமில்லை. கடைசிச் சீட்டில் ஈ 4. அதைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "கவுண்டு எறங்கிட்டுன்னு சொல்லிட்டாவ எய்யா, மூச்சு எறங்கலியே" என்றார்.

திருநெல்வேலிக்குக் கூட்டிப்போய் ஊதவைத்து, இன்ஹேலர் வாங்கிக் கொடுத்தேன். ராத்திரியில் இப்போது கொஞ்சம் படுக்க முடிகிறது. இன்ஹேலர் டிவிப் பெட்டிக்கு மேலே இருக்கிறது. வீட்டுக்கு யாராவது வந்தால் அத்தை எழுந்துபோய் அதன் மேல் ஒரு துண்டைப் போடுகிறார். கேட்டவர்களிடம், ஈஸ்னோபீலியாவுக்குப் புது மருந்து வந்திருக்கிறது என்று சொல்கிறார்.